திரித்துவக் கோட்பாடும் தமிழ்ச் சொற்களும்

திரித்துவம் என்பது கடவுள் ஒருவரே என்றும், அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவராக இருக்கிறார் என்றும் கூறும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். தமிழ்க் கத்தோலிக்கர் இன்று 'மூவொரு கடவுள்' என்றும், சீர்திருத்தச் சபையினர் 'திரியேக தேவன்' என்றும் கூறுவர். கத்தோலிக்கத் திருச்சபை, ஆர்த்தடாக்ஸ் சபைகள், பெரும்பாலான சீர்திருத்தச் சபைகள் ஆகியவை இதைத் தம் நம்பிக்கையின் அடித்தளமாகக் கொள்கின்றன. யூதமும் இசுலாமும் இதை ஏற்பதில்லை. கிறித்தவத்திற்குள்ளேயும் சில குழுக்கள் இதை மறுக்கின்றன.

'ஒன்று எப்படி மூன்றாகும்?' என்பது இக்கோட்பாட்டைக் கேட்பவர் பொதுவாக எழுப்பும் முதல் கேள்வி. ஒரே பொருளை ஒரே நோக்கில் ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால் அது முரண்பாடுதான். கோட்பாட்டை வகுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று என எண்ணப்படுவது வேறு, மூன்று என எண்ணப்படுவது வேறு என்பதே அவர்களின் விடை. இந்த வேறுபாட்டைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சொல்லவே பல தலைமுறைகள் ஆயின. தமிழில் அதற்கேற்ற சொற்களைத் தேடும் முயற்சி 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

கோட்பாட்டின் கூறுகள்

திரித்துவத்தைச் சில எளிய கூற்றுகளாகப் பிரிக்கலாம். கடவுள் ஒருவரே. தந்தை கடவுள், மகன் கடவுள், தூய ஆவியும் கடவுள். ஆனால் தந்தை மகன் அல்லர், மகன் தூய ஆவி அல்லர், தூய ஆவி தந்தை அல்லர். இவற்றில் எந்த ஒன்றை விட்டாலும் வேறொரு கோட்பாடு பிறந்துவிடும்.

தமிழ் இலக்கணத்தின் உதவியால் இதை விளக்கலாம். தமிழில் 'யார்' என்பது உயர்திணைக்குரிய வினாச்சொல். 'என்ன', 'எது' என்பவை பொருளையும் இயல்பையும் பற்றிக் கேட்பவை. கடவுள் என்பது என்ன என்று கேட்டால் கோட்பாடு தரும் விடை ஒன்று: பிரிக்க முடியாத ஒரே இறையியல்பு. அந்த இறையியல்பு உடையவர் யார் என்று கேட்டால் விடை மூவர்: தந்தை, மகன், தூய ஆவி. முதல் கேள்விக்கான விடையைக் கிரேக்க இறையியலாளர் 'ஊசியா' என்றனர். தமிழில் சாரம், இயல்பு எனலாம். இரண்டாம் கேள்விக்கான விடையை 'ஹுபோஸ்டாசிஸ்' என்றனர். இலத்தீனில் அது 'பெர்சோனா' ஆனது. தமிழில் 'ஆள்' என்றும் 'ஆள்தத்துவம்' என்றும் வழங்குகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் மூன்று தொழிலாளர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் மனித இயல்பு ஒன்றே. ஆனாலும் அவர்களை மூன்று மனிதர்கள் என்றே சொல்கிறோம். அப்படியானால் தந்தை, மகன், ஆவி மூவரையும் மூன்று கடவுளர் என்று ஏன் சொல்லக்கூடாது? 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார் இதே கேள்விக்கு விடையாக ஒரு தனி நூல் எழுதினார். மனிதர் மூவரும் ஒரே வேலையைச் செய்தாலும் அவரவர் தனித்தனியே செய்கின்றனர். ஒருவர் வேலையை நிறுத்தினாலும் மற்றவர் தொடர முடியும். கடவுளின் செயல் அத்தகையது அன்று. தந்தையிடம் தொடங்கி, மகன் வழியாகச் சென்று, ஆவியில் நிறைவுறும் ஒரே செயல் அது என்பது அவர் வாதம். மூவருக்கும் தனித்தனி விருப்பமோ தனித்தனி ஆற்றலோ இல்லை.

அப்படியானால் மூவரையும் வேறுபடுத்துவது எது? அவர்களுக்கு இடையிலான உறவு மட்டுமே. தந்தை எவரிடமிருந்தும் வராதவர். மகன் தந்தையிடமிருந்து பிறப்பவர். ஆவி புறப்படுபவர். இங்கே 'பிறத்தல்' என்பது காலத்தில் நிகழும் பிறப்பைக் குறிக்காது. தொடக்கமற்ற உறவையே குறிக்கிறது.

விவிலியத்தில் திரித்துவம்

'திரித்துவம்' என்ற சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. கோட்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் இதை ஒப்புக்கொள்கின்றனர். ஏற்போர் சுட்டும் பகுதிகளில் முதன்மையானது மத்தேயு நற்செய்தி 28:19. திருமுழுக்குக் கொடுக்கும் கட்டளையில் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் அங்கு ஒருங்கே சொல்லப்படுகின்றனர்; 'பெயர்' என்ற சொல் மட்டும் ஒருமையில் நிற்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதி வாழ்த்தும், யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமும் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன.

மறுப்போர், கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் இணைச்சட்டம் 6:4 என்ற பகுதியையும், தந்தை தம்மைவிடப் பெரியவர் என்று இயேசு கூறும் யோவான் 14:28 என்ற பகுதியையும் எடுத்துக்காட்டுகின்றனர். இயேசு மனித நிலையில் பேசிய சொல் அது என்பது ஏற்போர் விளக்கம். ஆகவே கோட்பாடு ஒரே வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது அன்று. பல பகுதிகளை ஒன்றுக்கொன்று மோதாமல் படிக்க முயன்றதன் முடிவாக உருவானது.

வரலாறு

2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவின் தெயோபிலு 'த்ரியாஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் கடவுளைக் குறித்துப் பயன்படுத்தினார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன் 'திரினித்தாஸ்' என்ற இலத்தீன் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

பெரும் சிக்கல் 4ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியு, மகன் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்று கற்பித்தார். இது ஏட்டளவிலான விவாதமாக நிற்கவில்லை. கிறித்தவர்கள் அதற்கு முன்பே இயேசுவை வழிபட்டு வந்தனர். அவர் படைப்புப் பொருள் என்றால் அவ்வழிபாடு படைப்புக்குச் செய்யும் வழிபாடாகிவிடும். அவரால் கிடைக்கும் மீட்பும் கடவுளே தந்த மீட்பாக இராது. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா நகரில் ஆயர்களின் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். மகன் தந்தையோடு 'ஹோமோஊசியோஸ்', அதாவது ஒரே சாரம் உடையவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு இந்த அறிக்கைக்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். தூய ஆவி பற்றிய அறிக்கை 381இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கத்தில் விரிவாக்கப்பட்டது. இன்றைய தேவாலயங்களில் சொல்லப்படும் நிசேயா விசுவாச அறிக்கை இவ்விரு சங்கங்களின் வழி வந்தது.

பின்னர் மேற்குத் திருச்சபை, ஆவி தந்தையிடமிருந்து 'மகனிடமிருந்தும்' புறப்படுகிறார் என்ற தொடரை அறிக்கையில் சேர்த்தது. கிழக்குத் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. 1054ஆம் ஆண்டுடன் இணைத்துப் பேசப்படும் கிழக்கு-மேற்குப் பிளவுக்கு இதுவும் ஒரு காரணம். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் அத்தொடர் இல்லாமலே அறிக்கையைச் சொல்கிறது.

தமிழுக்கு வந்த விதம்

தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. போர்த்துகீசிய மறைக்கல்வி நூலிலிருந்து அதை என்றிக்கே என்றிக்கசு என்னும் இயேசு சபைத் துறவி மொழிபெயர்த்தார். கடவுளைக் குறிக்கத் 'தம்பிரான்' என்ற தமிழ்ச் சொல் கிடைத்தது. ஆவியைக் குறிக்கும் சொல்லுக்கோ அயல்மொழியே நெடுங்காலம் துணை நின்றது. 'இஸ்பிரித்து சாந்து' என்ற வடிவம் பழைய கத்தோலிக்கச் செபங்களில் பல தலைமுறைகள் தொடர்ந்தது. பொருள் தெரியாவிட்டாலும் தவறான பொருள் நுழையாது என்பது இத்தகைய ஒலிபெயர்ப்பின் பயன். கேட்பவருக்கு அது வெறும் ஒலியாகவே நின்றுவிடும் என்பது அதன் இழப்பு.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி வேறு வழியில் சென்றார். மக்கள் வழக்கிலும் சமய நூல்களிலும் இருந்த தமிழ், வடமொழிச் சொற்களைக் கிறித்தவப் பொருளில் கையாண்டார். 'சருவேசுரன்' என்ற சொல் கத்தோலிக்க வழக்கில் நிலைபெற்றது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் லுத்தரன் மறைப்பணியாளரும் தம் புதிய ஏற்பாட்டில் அச்சொல்லையே எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியசு 'பராபரன்' என்றார். 1871இல் வெளிவந்த பவர் திருத்தப் பதிப்பு 'தேவன்' என்றது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்றது. ஒரே கடவுளைக் குறிக்கவே இத்தனை சொற்கள் மாறின என்றால், மூவராக இருக்கும் ஒரே கடவுளைக் குறிப்பது எத்தனை கடினம் என்பதை உணரலாம்.

கோட்பாட்டின் பெயரிலும் இந்த மாற்றம் தெரிகிறது. பழைய கத்தோலிக்க வழக்கில் 'தமத்திரித்துவம்' என்ற சொல் இருந்தது. 'திரித்துவம்' என்பது மூன்றாம் தன்மையை மட்டும் சொல்கிறது. 'திரியேகம்' என்பது மூன்றையும் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. 'மூவொரு' என்பது அதையே தூய தமிழில் சொல்வதோடு, 'மூன்று' என்னாமல் 'மூ' என்ற அடியால் மூவரை நினைவூட்டுகிறது.

கிருட்டிணகிரி மாவட்டம் போன்ற எல்லைப்பகுதியில் இத்தேர்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் அங்கே அன்றாடம் புழங்குகின்றன. வடமொழி வழிவந்த 'திரித்துவம்' என்ற சொல்லைத் தெலுங்குக் கிறித்தவரும் கன்னடக் கிறித்தவரும் சிறு ஒலி மாற்றத்தோடு தம் சொல்லாகவே அறிவர். 'மூவொரு கடவுள்' தமிழருக்குத் தெளிவானது; பக்கத்து மொழியினருக்கு விளக்கம் தேவைப்படும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்காகச் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து 1997இல் உருவாக்கப்பட்ட தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் இந்த மும்மொழிச் சூழலில்தான் அமைந்துள்ளது.

திணைச் சிக்கல்

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மற்ற பல மொழியினருக்கு இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. தமிழில் வினைச்சொல் எழுவாயின் திணையைக் காட்டியே தீரும். நன்னூல் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைக்கிறது. 'ஆவி' என்பதோ அஃறிணைச் சொல். நீராவியும் ஆவிதான், உயிரும் ஆவிதான், பேயும் ஆவிதான். 'ஆவி வந்தது' என்று எழுதினால் தூய ஆவி ஓர் ஆற்றல் அல்லது காற்று என்ற பொருளே தோன்றும். கோட்பாடோ அவரை 'யார்' என்ற கேள்விக்குரியவர் என்கிறது.

இதற்குத் தீர்வாகச் சீர்திருத்தச் சபை வழக்கில் 'ஆவியானவர்' என்ற வடிவமும், 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் 'ஆவியார்' என்ற வடிவமும் அமைந்தன. 'ஆனவர்', 'ஆர்' என்ற இச்சிறு ஒட்டுகள் மரியாதைக்கு மட்டும் வந்தவை அல்ல. தூய ஆவி ஓர் ஆள் என்ற கோட்பாட்டை அவையே சுமக்கின்றன. கிரேக்கத்தில் ஆவியைக் குறிக்கும் 'நியூமா' அஃறிணைப் பாலைச் சேர்ந்தது. எபிரேயத்தில் 'ரூவாக்' பெண்பால். எந்த மொழியின் இலக்கணமும் இக்கோட்பாட்டுக்குத் தானாக இடம் கொடுக்கவில்லை.

யோவான் நற்செய்தியின் தொடக்கத்திலும் இதே நிலை. 'வார்த்தை', 'வாக்கு' என்ற சொற்கள் அஃறிணை. பழைய மொழிபெயர்ப்பின் முதல் வசனத்தில் அஃறிணை வினை வருகிறது. அடுத்த வசனத்தில் 'அவர்' வந்துவிடுகிறார்.

வேற்றுமை உருபும் இவ்வாறே முக்கியமானது. எல்லாம் மகன் 'மூலமாய்' உண்டானது என்று பழைய மொழிபெயர்ப்பும், 'அவரால்' உண்டானது என்று புதிய மொழிபெயர்ப்பும் சொல்கின்றன. முன்னது ஒரு வழியைக் காட்டுகிறது; பின்னது வினைமுதலையும் காட்டக்கூடும். 1821 அளவில் கல்கத்தாவில் இராசாராம் மோகன்ராய், வில்லியம் ஆதம் முதலியோர் வங்காள மொழிபெயர்ப்பில் ஈடுபட்டபோது இதே கிரேக்க உருபின் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. திருமுழுக்குச் சபை மறைப்பணியாளராக இருந்த ஆதம் இறுதியில் திரித்துவத்தைக் கைவிட்டு ஒருமைவாதியானார்.

உவமைகளும் எல்லைகளும்

மறைக்கல்வி வகுப்புகளில் பல உவமைகள் கூறப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஓரளவுக்கு உதவும். அதற்குமேல் வழி தவறச் செய்யும்.

நீர், பனிக்கட்டி, நீராவி என்பது பரவலான உவமை. ஒரே நீர் சூழ்நிலைக்கேற்ப மூன்று நிலை அடைகிறது. ஆனால் கடவுள் ஒருவரே மூன்று வேடம் புனைகிறார் என்ற பொருளை இது தரும். 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவரோடு இணைத்துப் பேசப்பட்டு, திருச்சபை மறுத்த கருத்து அது. போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரே வியாபாரி ஒருவரிடம் தமிழிலும், இன்னொருவரிடம் தெலுங்கிலும், மற்றொருவரிடம் கன்னடத்திலும் பேசக்கூடும். மொழி மூன்று, ஆள் ஒருவரே. திரித்துவம் இதுவன்று, ஏனெனில் நற்செய்தியில் மகன் தந்தையை நோக்கி வேண்டுகிறார். வியாபாரி தம்மோடு தாமே பேரம் பேசுவதில்லை.

மூன்று இலைகள் சேர்ந்த வில்வம் போன்ற உவமை எதிர்த் தவறுக்கு இட்டுச்செல்லும். ஒவ்வோர் இலையும் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. கோட்பாட்டில் ஒவ்வொருவரும் முழுமையான கடவுள். கதிரவன், ஒளி, வெப்பம் என்ற உவமை பழமையானது. கதிரவன் இருக்கும்போதே ஒளியும் இருப்பதால் மகனுக்குத் தொடக்கமில்லை என்பதை அது நன்கு காட்டும். ஆனால் ஒளியும் வெப்பமும் கதிரவனின் விளைவுகளாகத் தாழ்ந்துவிடும். அவை ஆட்களும் அல்ல. அகுஸ்தீன் 15 பகுதிகள் கொண்ட தம் திரித்துவ நூலில் மனித மனத்தின் நினைவு, அறிவு, விருப்பம் ஆகியவற்றை ஒப்பிட்டார். அவ்வொப்புமையும் போதாது என்பதை அவரே எடுத்துரைத்தார்.

மும்மூர்த்திகளும் சச்சிதானந்தமும்

தமிழ்ச் சூழலில் திரித்துவத்தைக் கேட்பவருக்குப் பிரமன், திருமால், சிவன் என்ற மும்மூர்த்திகள் நினைவுக்கு வருவது இயல்பு. எண் ஒன்றாயினும் அமைப்பு வேறு. மும்மூர்த்திக் கருத்தில் படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய தொழில்கள் மூவருக்கும் பகிரப்படுகின்றன. திரித்துவத்தில் எந்தச் செயலும் மூவருக்கும் பொதுவே. மேலும் சைவ சித்தாந்தம் சிவனை ஐந்தொழில்களுக்கும் உரிய பரம்பொருளாகக் கொள்கிறது. ஆகவே மும்மூர்த்திகளைச் சமநிலையில் வைக்கும் பார்வை எல்லா இந்து மரபுகளுக்கும் பொதுவானதும் அன்று.

இன்னொரு ஒப்பீடு வேதாந்தத்தின் 'சச்சிதானந்தம்'. வங்காளக் கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ் உபாத்தியாயர் 1898இல் சச்சிதானந்தத்தைப் போற்றும் வடமொழிப் பாடல் ஒன்றை இயற்றினார். சத்து தந்தை, சித்து மகனாகிய வார்த்தை, ஆனந்தம் தூய ஆவி என்பது அவர் பொருத்தம். 1950இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், பிரெஞ்சுக் குருக்களான ஜூல் மோன்சானெனும் ஹென்றி லெ சோவும் தாங்கள் தொடங்கிய ஆசிரமத்துக்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்றே பெயரிட்டனர். சாந்திவனம் என்று பரவலாக அறியப்படும் அதன் பொறுப்பை 1968இல் பீடு கிரிஃபித்ஸ் ஏற்றார். அங்குள்ள ஆலயத்தின் நுழைவுக் கோபுரத்தில் திரித்துவம் மும்முக வடிவில் காட்டப்பட்டுள்ளது.

இம்முயற்சிக்கு இரு பக்கமிருந்தும் மறுப்புகள் வந்தன. வேதாந்தத்தில் சத்து, சித்து, ஆனந்தம் ஆகியவை ஒன்றையொன்று நோக்கி அன்பு செய்யும் ஆட்கள் அல்ல என்பது ஒன்று. கிறித்தவரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினராக இருக்க, வடமொழி மெய்யியலில் கோட்பாட்டைப் பொதிவது அவர்களை விலக்கும் என்பது 1980கள் முதல் வளர்ந்த தலித் இறையியலின் நோக்கிலிருந்து எழும் விமரிசனம்.

மறுப்போர்

தமிழ் மண்ணிலேயே திரித்துவத்தை மறுத்த சபை ஒன்று உண்டு. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரை ஏற்ற தமிழர் ஒருவர் 1795இல் சென்னையில் ஒருமைவாதக் கிறித்தவச் சபையைத் தோற்றுவித்தார். கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய ஆசிரியர் என்பது ஒருமைவாதிகளின் நிலைப்பாடு. யெகோவாவின் சாட்சிகளும் திரித்துவத்தை ஏற்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய ஒருமைப் பெந்தெகொசுதேப் பிரிவினர் தந்தை, மகன், ஆவி மூன்றும் ஒருவரின் வெளிப்பாடுகளே என்று கருதி, இயேசுவின் பெயரில் மட்டும் திருமுழுக்குக் கொடுக்கின்றனர். இசுலாம் இறைவன் ஒருவன், அவனுக்கு மகன் இல்லை என்று அழுத்தமாகக் கூறுகிறது.

வழிபாட்டிலும் வாழ்விலும்

மேற்குத் திருச்சபை மரபில் பெந்தெகொசுதே விழாவுக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு ஆகும். தமிழ்க் கத்தோலிக்கர் அதை மூவொரு கடவுள் பெருவிழா என்பர். பாளையங்கோட்டையில் ரேனியசு எழுப்பி 1826இல் திறக்கப்பட்ட, ஊசிக்கோபுரம் என்று மக்கள் அழைக்கும் பேராலயம் தூய திரித்துவத்தின் பெயரையே தாங்கியுள்ளது. 1947இல் பல சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையும் நிசேயா அறிக்கையை ஏற்றே அமைந்தது.

கோட்பாட்டின் விளைவு குடும்பங்களிலும் தெரியும். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பினால், அவருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுக்கப்படுவதில்லை. தண்ணீரோடு மூவரின் பெயரும் சொல்லப்பட்டிருப்பதால் முதல் திருமுழுக்கே செல்லும். யெகோவாவின் சாட்சிகளிடமிருந்து வருபவருக்கு அது புதிதாகக் கொடுக்கப்படுகிறது. எந்தத் தேவாலயத்தில், எந்த மொழியில் நடந்தது என்பது அங்கே கேள்வியாவதில்லை. யாருடைய பெயரால், என்ன நம்பிக்கையோடு நடந்தது என்பதே கேட்கப்படுகிறது.